கரை மணி

கடற்கரை ஊர் ஒன்றின் கத்தோலிக்கக் கோயிலில் சவரிராயன் உபதேசியாராக இருந்தார். அவரிடம் கித்தேரி என்ற பெண் வேலை பழகி வந்தாள். பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கவும், பூசைக்கு வேண்டியதை எடுத்துவைக்கவும் அவளுக்குச் சீக்கிரமே வந்துவிட்டது. பொறுமை மட்டும் வரவில்லை.

"உபதேசியாரே, என்ன வந்தாலும் நீங்க கலங்குறதே இல்ல. அதை எனக்கும் சொல்லித் தாங்களேன்" என்று அடிக்கடி கேட்பாள்.

"முதல்ல மெழுகுதிரியை நேரா வை" என்பார் அவர்.

ஒரு நாள் மத்தியானம் கடலில் திடீரென்று காற்று கிளம்பியது. மழை இறங்கிக் கடலை முழுக்க மறைத்தது. எல்லாப் படகுகளும் கரையேறிவிட்டன, ஒன்றைத் தவிர. அது கித்தேரியின் கணவன் லாசர் ஓட்டிய படகு. அவனோடு உபதேசியாரின் மகன் மிக்கேலும் போயிருந்தான்.

அந்த ஊருக்கு எதிரே கடலுக்குள் பாறைகள் உண்டு. உள்ளே வர ஒரே ஒரு வழிதான். கரை தெரியாத நேரத்தில் கோயில் மணியைக் கேட்டுத்தான் படகைத் திருப்புவார்கள்.

கித்தேரி ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தாள். மூச்சுவிடாமல் அடித்தாள். வாய் செபத்தை முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

கோயில் வாசலில் நனைந்து நின்ற பெண்களில் பிலோமி குரல் கொடுத்தாள். "ஏட்டி கித்தேரி, மணியை உடைச்சிராத! திருநாளுக்கு வேணும்."

யாரும் சிரிக்கவில்லை. பிலோமியும் சிரிக்கவில்லை.

உபதேசியார் உள்ளே வந்து கயிற்றில் கைவைத்தார். மணி நின்றது.

"லாசர்ட்ட என்ன சொல்லிக்கிட்டு இருக்க?"

"வாங்கன்னு சொல்றேன்."

"இல்ல. விடாம அடிச்சா, கரையில அலை உடையுது, வராதன்னு அர்த்தம். அவனைத் திரும்பிப் போகச் சொல்லிக்கிட்டு இருக்க."

கித்தேரி கயிற்றிலிருந்து கையை எடுத்தாள்.

அவர் இரண்டு முறை அடித்தார். கயிற்றை விட்டுவிட்டு, இடைவெளிக்கு ஓர் 'அருள் நிறைந்த மரியே' செபம் சொன்னார், பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவது போல ஒவ்வொரு வார்த்தையாக. பிறகு மறுபடியும் இரண்டு முறை.

"இதுதான் கரை மணி, வான்னு அர்த்தம். படிச்சதுதானே?"

"படிச்சேன். கை கேக்கல."

வெகுநேரம் அப்படியே அடித்தார். கடலிலிருந்து ஒன்றும் வரவில்லை.

"உங்க மகனும் அதுலதான் இருக்கான். பயமே இல்லையா உங்களுக்கு?"

"இருக்கு."

"பிறகு எப்படி இவ்வளவு நிதானமா அடிக்கீங்க?"

"பயம் எனக்கு. மணி அவங்களுக்கு" என்றார். "இந்தா, நீ பிடி."

கித்தேரி இரண்டு முறை அடித்தாள். செபத்தைச் சொன்னாள். பாதியில் குரல் உடைந்தது.

"மத்தியானத்திலேருந்து கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன் உபதேசியாரே. சாமிகிட்டேருந்து ஒரு சத்தமும் இல்ல. அந்தப் பக்கம் யாராவது இருக்காங்களா, இல்லையா?"

"செபத்தை முடி. அடி" என்றார் அவர்.

அடித்தாள்.

அப்போது மழைக்குள்ளிருந்து மெல்லிய உறுமல் கேட்டது. வாசலில் நின்ற பெண்கள் அப்படியே உறைந்தார்கள்.

"லாசர் இன்ஜின்!" என்று பிலோமி கத்தினாள். "எனக்குத் தெரியும், லொக்கு லொக்குன்னு இருமுற இன்ஜின் அது ஒண்ணுதான்!"

கித்தேரி கயிற்றை இறுக்கிப் பிடித்தாள். உறுமல் கொஞ்சம் நெருங்கியது.

பிறகு சட்டென்று நின்றுவிட்டது.

மழைச் சத்தம் மட்டும் மிஞ்சியது.

"நின்னு போச்சு!" என்று அலறினாள் கித்தேரி. "பாறைகிட்ட வந்து நின்னு போச்சு! உபதேசியாரே, ஒரு சத்தமும் இல்லையே!"

உபதேசியார் கடல் பக்கம் முகத்தைத் திருப்பினார். அவர் உதடு நடுங்கியது. குரல் நடுங்கவில்லை.

"நின்னு போகல கித்தேரி. இன்ஜின் ஓடினா மணி கேக்காது. உன்னைக் கேக்கத்தான் நிறுத்தியிருக்கான்."

கித்தேரி இரண்டு முறை அடித்தாள். கயிற்றை விட்டுவிட்டு, பேசாமல் காத்து நின்றாள்.