சின்ன மருமகளின் குகை

ஆறு கடலில் கலக்கும் இடத்தில், அலையாத்திக் காட்டுக்குள், ஒரு நீர்நாய்க் குடும்பம் இருந்தது. சிறிசும் பெரிசுமாக இருபத்தொரு பேர். கோடை வந்து ஆறு சுருங்கினால் போதும், அத்தனை பேரும் கிளம்பிவிடுவார்கள். கடலுக்குள் கூப்பிடு தூரத்தில் ஒரு தீவு. தென்னையும் தாழையும் அடர்ந்த தீவு. அங்கே எட்டு நாள் தின்பதும் தூங்குவதும் மட்டும்தான் வேலை!

ஆறு வருஷமாக இந்தப் பயணத்துக்கு மூத்த மருமகள் மணிமூக்கிதான் எல்லாம். எந்த வழியாக நீந்துவது, எங்கே தங்குவது, யாருக்கு எந்த வளை, எல்லாவற்றையும் அவளே சொல்வாள். "மணிமூக்கி இல்லாட்டா நாம கரையே ஏறமாட்டோம்!" என்று மாமனார் நீட்டுவாலர் வருஷம் தவறாமல் சொல்வார். அதைக் கேட்கவே அவள் நீந்துவாள் என்றுகூடச் சொல்லலாம்.

இந்த வருஷம் வீட்டுக்குப் புதிதாக ஒரு மருமகள் வந்திருந்தாள். பெயர் பொன்மீசை. கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவள்.

தீவை நெருங்கியதும் எல்லோரும் திகைத்துப் போனார்கள். வழக்கமாகத் தங்கும் மேற்குக் கரையைப் புயல் அரித்துக்கொண்டு போயிருந்தது! மணிமூக்கி வாயைத் திறப்பதற்குள், "கிழக்குப் பக்கம் போகலாமா மாமா?" என்றாள் பொன்மீசை. போனார்கள். வெள்ளை மணல், நிழல், கரையை ஒட்டியே மீன்!

"அடடா! இத்தனை வருஷம் இது தெரியாமப் போச்சே!" என்றார் நீட்டுவாலர்.

மணிமூக்கிக்குச் சுருக்கென்றது.

அப்புறம் தொட்டதெல்லாம் சுட்டது. அவளுடைய பிள்ளைகளே, "சித்தி, நண்டு உடைச்சுக் குடுங்க!" என்று பொன்மீசையின் பின்னால் ஓடினார்கள். மணிமூக்கியின் கணவன் வேறு, "அந்தப் பொண்ணு எவ்வளவு லாகவமாச் சங்கு உடைக்குது பாரேன்!" என்றான். அன்று அவன் பங்கு மீனில் வால் மட்டுமே மிஞ்சியது.

வளைகளைப் பிரித்துக் கொடுக்கும் நேரம் வந்தது. கரையில் நீரை ஒட்டினாற்போல் ஒரு குகை. ஈரப் பாறை, சில்லென்ற காற்று, வாசலில் நீலக்கடல். மணிமூக்கி அதைப் பார்த்தவுடனே மனதுக்குள் எடுத்துக்கொண்டுவிட்டாள். ஆனால் நீட்டுவாலர், "அந்தக் குகை பொன்மீசைக்கு. ஏன்னா..." என்று ஆரம்பித்தார்.

அந்த 'ஏன்னா'வுக்கு மேல் கேட்க மணிமூக்கி அங்கே நிற்கவில்லை. வெடுக்கென்று திரும்பி, மேட்டில் தனக்குக் கிடைத்த வளைக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள். அது உலர்ந்த வளை, மெத்தென்ற வளை. ஆனால் கடல் தெரியாத வளை!

நாலு நாள் போனது. எல்லோரும் கொழுத்தார்கள், மணிமூக்கி மட்டும் இளைத்தாள். மேட்டிலிருந்து குகையையே பார்ப்பாள். மத்தியானமானால் பொன்மீசை குரல் கொடுத்துக் குட்டிகளைக் கரைக்கு அழைப்பதுகூட அவளுக்கு அதிகாரமாகத்தான் பட்டது. 'மகாராணி மாதிரி காற்று வாங்குகிறாள்! நேற்று வந்தவளுக்குக் குகை. ஆறு வருஷம் உழைத்தவளுக்குப் பொந்து!' வயிறு எரிந்தது. எரிந்த வயிற்றில் மீன் இறங்கவில்லை.

ஐந்தாம் நாள் காலை அவள் பொன்மீசையைத் தனியாக அழைத்தாள்.

"பொன்னு! உன் குகைக்குள்ள கடல்பாம்பு ஒண்ணு நுழைஞ்சதை என் கண்ணாலே பார்த்தேன்!"

பொன்மீசை நடுங்கிப் போனாள். "ஐயோ! மாமாகிட்ட சொல்லிடலாம் அக்கா!"

"சொல்லாதே! பயந்துபோய் இன்னிக்கே ஊருக்குக் கிளம்பிடுவார். பிள்ளைங்க அழும். நீ என் வளைக்குப் போ. நான் குகையைப் பார்த்துக்கறேன். பாம்புக்கெல்லாம் நான் பயந்தவ இல்லை."

"ஆனா அக்கா, மத்தியானம் அந்தத் தண்ணி..."

"எல்லாம் எனக்குத் தெரியும்! நீ போ!"

மூத்தவள் தெரியும் என்றால் தெரிந்துதானே இருக்கும்? பொன்மீசை நம்பினாள். எனக்காக அக்கா பாம்பு இருக்கிற குகைக்குப் போகிறாளே என்று கண்கலங்கியபடி மேட்டுக்குப் போனாள். படுத்ததும் அடித்துப் போட்டாற்போல் தூங்கிவிட்டாள்.

மணிமூக்கி குகைக்குள் கால் நீட்டிப் படுத்தாள். ஆகா! உடம்பெல்லாம் குளிர்ந்தது. நாலு நாள் எரிந்த வயிறும் அடங்கியது. கண் சொக்கியது.

உச்சி வெயில் சாய்ந்தது. பெரியவர்கள் தாழை நிழலில் குறட்டை விட்டார்கள். குட்டிகள் ஒன்பதும் கரைக்கு எதிரே இருந்த மணல்திட்டில் கிளிஞ்சல் ஒளித்து விளையாடிக்கொண்டிருந்தன. தினமும் அதுதான் அவர்கள் மைதானம்.

குகைக்குள் தண்ணீர் வந்து மணிமூக்கியின் வாலை நனைத்தது. அவள் தூக்கத்திலேயே சிரித்தாள். 'படுக்கைக்கே தண்ணீர் வருகிறதா! இந்தச் சுகத்தையெல்லாம் அவள் ஒருத்தியே அனுபவித்தாளா!' என்று புரண்டு படுத்தாள்.

தண்ணீர் மூக்கில் ஏறியது. தும்மிக்கொண்டு வெளியே ஓடி வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கடல் ஏறியிருந்தது! மணல்திட்டு முறம் அளவுக்குச் சுருங்கியிருந்தது. இழுக்கிற நீரில் இறங்கப் பயந்து எட்டுக் குட்டிகள் அதில் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு அழுதன. ஒன்பதாவது குட்டி, நாத்தனாரின் கடைக்குட்டி, ஒரு தென்னமட்டையைப் பிடித்துக்கொண்டு பவளப்பாறை இடுக்கை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அந்த இடுக்குக்கு அப்பால் நடுக்கடல்.

"குட்டிங்க போகுது! எழுந்திருங்க! எழுந்திருங்க!" மணிமூக்கி அலறினாள்.

எல்லோரும் அடித்துப் பிடித்து எழுந்தார்கள். "பொன்மீசை எங்கே? தண்ணி குகையைத் தொட்டதும் குரல் குடுக்க வேண்டியவ எங்கே?" என்று கத்தினார் நீட்டுவாலர். "கடல் தினமும் ஒரே நேரத்துக்கா ஏறுது? அதுக்குத்தானே அவளை அங்கே காவலுக்கு வெச்சேன்!"

மணிமூக்கி தண்ணீர் ஏறிய குகையைத் திரும்பிப் பார்த்தாள். 'ஏன்னா...' என்று அவர் சொல்ல வந்தது இதுதானா! பதில் சொல்ல நேரமில்லை. தண்ணீரில் பாய்ந்தாள்.

மேட்டிலிருந்து பொன்மீசை உருண்டு புரண்டு ஓடி வந்தாள். "அக்கா! நேரே போகாதீங்க, இழுத்துடும்! இடது பக்கம் பாறையை ஒட்டிப் போங்க!"

வாழ்க்கையில் முதன்முறையாக மணிமூக்கி அவள் பேச்சை முழுசாகக் கேட்டாள். இடப்பக்கம் திரும்பினாள். பாறை தோலைக் கிழித்தது. இடுக்கின் வாயில் மட்டை சுழன்று கவிழ்ந்தபோது, குட்டியின் பிடரியை அவள் பல் கவ்வியது!

அவள் கரையேறியபோது மற்ற எட்டையும் பெரியவர்கள் தூக்கி வந்திருந்தார்கள். நாத்தனார் குட்டியைப் பறித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். எல்லோர் கண்ணும் பொன்மீசை மேல் பாய்ந்தது.

"காவலை விட்டுட்டு எங்கேடி போனே?" என்றாள் நாத்தனார்.

பொன்மீசை தலைகுனிந்தாள். அக்கா சொன்னதை அவள் சொல்லவில்லை. மணிமூக்கி நினைத்திருந்தால் அப்படியே விட்டிருக்கலாம். அந்த நினைப்பு வரவும் வந்தது. பிறகு அவள் இரண்டடி முன்னால் வந்தாள்.

"அவளை ஒண்ணும் சொல்லாதீங்க. குகையில பாம்பு இருக்குன்னு நான்தான் பொய் சொன்னேன். அவளுக்கு அந்தக் குகை கிடைச்சதை என்னால தாங்க முடியலை."

நீட்டுவாலர் மெல்லக் கேட்டார்: "அந்தக் குகைக்கா? நத்தைகூடத் தங்காத இடம்மா அது! ஆறு வருஷம் ஓடியாடி உழைச்சவ நிம்மதியாத் தூங்கட்டும்னுதானே உலர்ந்த வளையை உனக்குக் குடுத்தேன்!"

பொன்மீசை நிமிர்ந்து பார்த்தாள். "நாலு நாளா நான் கண்ணை மூடலை அக்கா. மேட்டுல நீங்க படுத்திருக்கிறதைப் பார்த்துப் பார்த்து நான்தான் உங்க மேலே பொறாமைப்பட்டேன்!"

மணிமூக்கிக்கு அழுகை வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது.

மிச்சமிருந்த மூன்று நாளும் குகையில் அவளே காவல் இருந்தாள். தண்ணீர் வாலைத் தொட்டதும் தீவே அதிரக் குரல் கொடுத்தாள். நாத்தனார் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு கெளுத்தி மீனைக் கொண்டுவந்து, ஒன்றும் சொல்லாமல் குகை வாசலில் வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்தவர் இடத்தைப் பார்த்து எரிகிறவருக்கு அந்த இடத்தின் சுகம் மட்டுமே தெரியும், அதன் சுமை தெரியாது.