சாக்கு கட்டிய பலா

மலையடிவாரத்தில் வெள்ளையம்மை என்பவள் ஒரு சின்ன மடம் நடத்திவந்தாள். நாற்பது வயதுகூட இருக்காது. அவளிடம் பாடம் கேட்க வந்த செங்கோடருக்கு அவளைவிட வயது அதிகம். செக்கையும் எண்ணெய்க் கடையையும் மகன் கையில் கொடுத்துவிட்டு, இனி மனசை அடக்கிப் பார்ப்போம் என்று வந்தவர்.

தை மாதம் அவர் ஊராரோடு காசிக்குப் போனார். காசிக்குப் போனால் ஒரு காயையும் ஒரு பழத்தையும் விட்டுவிட்டு வரவேண்டும். அப்புறம் ஆயுசுக்கும் அதைத் தின்னக்கூடாது. ஊரார் விவரமானவர்கள். பாகற்காயை விட்டார்கள், அத்திப்பழத்தை விட்டார்கள். காய் என்று வந்தபோது செங்கோடரும் பாகற்காயைத்தான் சொன்னார். பழம் என்று வந்தபோது என்ன வேகமோ, கங்கையில் முங்கி எழுந்து, “பலாப்பழம்” என்றுவிட்டார்.

கரையில் வேட்டி பிழிந்துகொண்டிருந்தவர்கள் பிழிவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

மடத்துக் கிணற்றடியில் ஒரு பலாமரம் உண்டு. பங்குனியில் அதன் அடிமரத்தில் பிஞ்சு பிடித்தது. ஒன்று மட்டும் தூளியில் கிடக்கும் குழந்தை மாதிரி தாழத் தொங்கி, நாளுக்கு நாள் கொழுத்தது.

செங்கோடருக்கு உட்கார்ந்தால் தியானம் வரவில்லை. கண்ணை மூடினால் பச்சையாக முள் முள்ளாக ஏதோ வந்து நின்றது. ஒரு மத்தியானம் கண் அசந்தபோது, மஞ்சள் சுளைக்குள் கொட்டையாகப் படுத்திருப்பதாகக் கனாக் கண்டார். உள்ளே மெத்தென்று இருந்தது. வெளிச்சம்கூடத் தேன் நிறமாய் இருந்தது. எழுந்திருக்கவே மனசு வரவில்லை.

எழுந்ததும் நேராக அம்மையிடம் போனார். அவள் கத்தரிச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள்.

“அம்மா, நான் கிளம்பறேனுங்க.”

“எங்கே?”

“பலாமரம் இல்லாத ஊருக்கு. இல்லாட்டி அந்த மரத்தை வெட்டுங்க.”

“மரம் என்ன பண்ணுச்சு?”

“விட்டுட்டு வந்தது என்னை விடமாட்டேங்குது. எனக்குத் துறவு லாயக்கில்லைங்க.”

அவள் குடத்தைச் சாய்த்தபடியே இருந்தாள்.

“அம்மா, நீங்களும் காசிக்குப் போனவங்கதானே? என்னத்தை விட்டீங்க?”

“கத்தரிக்காய்.”

“பிடிக்காதுங்களா?”

“உசுரு.”

“அப்புறம் எதுக்குச் செடி வெச்சிருக்கீங்க?”

“விட்ட பிறகுதான் அதோட பூவைப் பார்த்தேன். அதுவரைக்கும் சட்டியைத்தான் பார்த்திருக்கேன்.”

செங்கோடர் பூவைப் பார்த்தார். ஊதாவாக இருந்தது. அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“போறதுன்னா போங்க. பழம் பழுத்ததும் போங்க. எப்போ அறுக்கணும்னு உங்களை விட்டா இங்கே யாருக்குத் தெரியும்? போன வருஷம் அவசரப்பட்டு அறுத்து, மாட்டுக்குத்தான் போட்டோம்.”

அன்றிலிருந்து மரம் அவர் பொறுப்பு. அணிலுக்குப் பயந்து பழத்துக்குச் சாக்கு கட்டினார். விடிந்ததும் சாக்கை விலக்கி விரலால் தட்டினார். டக்கென்றது. பிள்ளையைத் தட்டி எழுப்புவதுபோல மறுநாளும் தட்டினார். முள் அகலுகிறதா என்று தடவினார். மூக்கை வைத்து முகர்ந்தார். மத்தியானங்களில் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து கண்ணை மூடினார். காற்று மலையிலிருந்து இறங்கி, இலையை அசைத்துவிட்டுப் போனது. எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தோம் என்று அவருக்கே தெரியாமல் போனது.

கிணற்றுக்கு வரும் பாவாயி பிள்ளைத்தாச்சி. தினம் கேட்பாள்.

“ஏனுங்க மாமா, ஆச்சுங்களா?”

“இன்னும் இல்லை சாமி.”

“எம்புள்ளை பொறந்து பள்ளிக்கூடம் போயிரும் போல!”

“மொதல்ல பழம், அப்புறம் புள்ளை. நான் சொல்றேன் பாரு.”

வைகாசியில் ஒரு விடியற்காலை, தட்டியபோது பழம் தொப்பென்றது. அதற்கு முன்பே வாசம் வந்து அவரை எழுப்பியிருந்தது.

கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, பால் ஒட்டாமல் பக்குவமாகப் பிளந்தார். கனாவில் கண்ட அதே மஞ்சள். ஊரே கிணற்றடியில் கூடிவிட்டது. இருப்பதிலேயே பெரிய சுளையாகப் பார்த்துக் கொட்டை நீக்கிப் பாவாயியிடம் நீட்டினார். அவள் கண்ணை மூடிக்கொண்டு தின்றாள். சாறு முழங்கைக்கு வழிந்தது.

“ஒண்ணோட நிறுத்துடி, சூடு!” என்றாள் அவள் மாமியார்.

“ரெண்டு பேருக்கு ஒண்ணு எப்படி அத்தை பத்தும்?”

செங்கோடர் சிரித்துவிட்டார். இன்னொரு சுளை எடுத்துக் கொடுத்தார். கடைசியில் தோலும் நார் நாரான சடையும் மட்டும் மிஞ்சின, மாட்டுக்குப் போயின. கொட்டைகளைப் பெண்கள் குழம்புக்கு வாரிக்கொண்டார்கள்.

கையைக் கழுவினார். வாசம் போகவில்லை. பழம் பழுத்ததும் கிளம்புவதாக இருந்தது ஞாபகம் வந்தது. உள்ளே போய்த் துணிமணிகளை அந்தச் சாக்கிலேயே போட்டுக் கட்டி, மூட்டையோடு அம்மையின் முன்னால் வந்து நின்றார்.

“அம்மா, ஒண்ணு மட்டும் கேட்டுட்டுப் போறேன். பழத்தைக் கங்கையில விட்டேன். இந்த எதிர்பார்ப்பை எங்கே போய் விடறது?”

“பழத்தைத் தின்னீங்களா?”

“இல்லைங்க.”

“தின்னணும்னு இருந்துச்சா?”

அவர் யோசித்தார். பாவாயி மூடியிருந்த கண்தான் நினைவுக்கு வந்தது.

“கொடுக்கிற நேரத்துல அந்த நெனப்பே வரலைங்க.”

வெள்ளையம்மை எழுந்து கிணற்றடிக்குப் போனாள். அவரும் மூட்டையோடு பின்னால் போனார். அவள் மரத்தின் பின்பக்கம் குனிந்து, வேரை மூடியிருந்த சருகை ஒதுக்கினாள். மண்ணை ஒட்டி ஒரு பிஞ்சு, இப்போதுதான் தலை தூக்கியிருந்தது.

செங்கோடரின் விரல் தானாகத் தட்டப் போனது.

“துணியைக் கீழே கொட்டிட்டு அந்தச் சாக்கைக் கொடுங்க,” என்றாள் அவள். “அணில் பார்த்துரும்.”