கண்சிமிட்டும் பெட்டியும் அரை மீசையும்

மஞ்சப்பாறை சமஸ்தானத்தில் தார்ச்சாலை ஒன்று, கார் ஒன்று, அந்தக் காரைப் பிடிக்கவென்றே போலீஸ் ஒன்று. கார், மகாராஜா சிங்கராயருடையது. போலீஸ், ஏட்டம்மா வடிவாம்பாள். நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஓட்டுகிறவன் எவனானாலும் அவன் பாதி மீசை மழிக்கப்படும் என்று மகாராஜாவே ஒரு நல்ல நாளில் கல்லில் வெட்டி வைத்துவிட்டார். வெட்டும்போது நாட்டில் கார் கிடையாது.

பிறகு கார் வந்தது. அதன் பின்னாலேயே ஏட்டம்மா கைக்கு வேகம் அளக்கும் லேசர் துப்பாக்கியும் வந்தது. மூன்று மாதத்தில் மகாராஜாவின் வலப்பக்க மீசை இரண்டு தடவை போயிற்று.

"தசராவுக்குப் பக்கத்து நாட்டு ராஜா வர்றார்யா! இந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு நான் எப்படி எதிர்ல போய் நிக்கறது?" என்று சபையில் குமுறினார்.

சேனாதிபதி உக்கிரசேனர் எழுந்தார். மகாராணியின் தம்பி. கையில் ஒரு கறுப்புப் பெட்டி.

"கவலையை விடுங்க மாமா. காருக்கு முன்னால இதை மாட்டிடலாம். லேசர் வந்து பட்டா, இது பதிலுக்குக் கண்ணைச் சிமிட்டும். துப்பாக்கி குழம்பிப்போயிடும். எதையும் மறைக்கும்!"

"பலே மச்சான்!"

"ஆனா விதூஷகர் தொப்பளான் சோதிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும். வேகம் பிடிக்க முடியாதுன்னு ஆச்சுன்னா ஏட்டம்மாவுக்கு எதுக்குச் சம்பளம்? கையெழுத்துப் போட மனசில்லைன்னா, தொப்பளானுக்குத்தான் எதுக்கு?"

தொப்பளானுக்குப் புரிந்துவிட்டது. போட்டால் வடிவாம்பாளுக்கு வேலை போகும். போடாவிட்டால் தனக்கு. போன செவ்வாய்ச் சந்தையில் மகாராஜா புகுந்து போனபோது பஜ்ஜிச் சட்டி ஒரு பக்கமும் பஜ்ஜிக்காரி ஒரு பக்கமும் உருண்டது அவன் கண்ணிலேயே நின்றது. அந்தச் சந்தைக்கும் அந்தக் காருக்கும் நடுவே நிற்பது ஏட்டம்மா ஒருத்திதான்.

மறுநாள் காலை சோதனை. மகாராஜா தானே ஓட்டினார். வடிவாம்பாள் குறி வைத்தாள். பெட்டி சிமிட்டியது. கார் பறந்தது. போன வேகத்திலேயே திரும்பியும் வந்தது.

"எவ்வளவு காட்டுது?"

"கோடுதான் வருதுங்க, மகாராஜா."

"கோடுன்னா எத்தனை கிலோமீட்டர்?"

"கோட்டுக்குக் கிலோமீட்டர் கிடையாதுங்க."

மகாராஜா ஸ்டீயரிங்கையே கட்டிக்கொண்டார். சேனாதிபதி காகிதத்தையும் பேனாவையும் நீட்டினார். "போடுய்யா."

தொப்பளான் பேனாவை வாங்கி முனையைப் பார்த்தான். மூடியைப் பார்த்தான். பிறகு மகாராஜாவைப் பார்த்தான்.

"இப்ப நீங்க வந்தது, சும்மா கடைக்குப் போய்ட்டு வந்த மாதிரிங்க. தசராவுக்கு எப்படி வருவீங்க?"

"முழு மரியாதையோட!"

"அப்ப முழு மரியாதையோடயே ஒரு தடவை சோதிச்சுடலாமே. அன்னைக்கு ஏதாவது ஏடாகூடமாச்சுன்னா என் கையெழுத்துல்ல மாட்டும்?"

மஞ்சப்பாறையில் முழு மரியாதை என்றால் அதற்கென்று முறை உண்டு. ராஜா ஸ்டீயரிங்கைத் தொடக்கூடாது. பின் சீட்டில் உட்கார்ந்து கையாட்டவேண்டும். சாலையில் கிலோமீட்டர் கல்லுக்கு ஒரு முரசு நிற்கும். ராஜா கல்லைத் தாண்டும் அதே நொடியில் ஒரே ஒரு அடி. முந்தி அடித்தாலும் குற்றம், பிந்தி அடித்தாலும் குற்றம்.

"நானே ஓட்றேன் மாமா!" என்றார் சேனாதிபதி. அந்த ஸ்டீயரிங்மேல் அவருக்கு ரொம்ப நாளாக ஒரு கண்.

மூன்றாம் கல்லுக்கும் நான்காம் கல்லுக்கும் சரியாக நடுவில், ஒரு புளியமரத்தடியில் தொப்பளானும் வடிவாம்பாளும் நின்றார்கள்.

"ஏட்டம்மா, துப்பாக்கியை உறையில போடுங்க. கடிகாரம் இருக்கா?"

"இருக்குங்க."

"மூணாங்கல்லு முரசு கேட்டதும் பார்க்க ஆரம்பிங்க. நாலாங்கல்லு முரசு கேட்டதும் சொல்லுங்க."

டம்! புழுதி வந்தது. புழுதிக்குள் கார் வந்தது. பின் சீட்டில் மகாராஜா கையாட்டினாரா, ஈ ஓட்டினாரா, யாருக்கும் தெரியவில்லை. டம்!

"முப்பது விநாடிங்க," என்றாள் வடிவாம்பாள்.

கார் திரும்பி வந்து நின்றது. சேனாதிபதி எட்டிப் பார்த்தார். "என்ன ஏட்டம்மா, கோடுதானே?"

"நூத்திருபதுங்க."

"பொய்! துப்பாக்கி உறையில இருக்கு!"

"உறையிலதான் இருக்கு," என்றான் தொப்பளான். "கல்லுக்குக் கல்லு ஒரு கிலோமீட்டர். அதை அரை நிமிஷத்துல தாண்டியிருக்கீங்க. உங்க பெட்டி லேசரை நல்லாத்தான் மறைச்சுது. முரசு ஊருக்கே சொல்லிடுச்சு."

"அப்ப முரசை நிறுத்து!" என்று கத்தினார் மகாராஜா.

"உத்தரவு." தொப்பளான் அந்தக் காகிதத்தையே திருப்பிப் போட்டு எழுதினான். எழுத எழுதப் படித்தான். "இனிமேல் மகாராஜா போகும்போது முரசு கிடையாது. யாரும் எழுந்து நிற்கவேண்டாம். போகிறது மகாராஜாவா, மாவு மூட்டையா என்று யாருக்கும் தெரியவேண்டாம். சரிங்களா?"



"யாருக்குமே தெரியாம போறதுக்கு நான் எதுக்குய்யா ராஜா?" என்றார் மகாராஜா. "கிழிச்சுப்போடு அதை. முரசு அடிக்கட்டும். நாப்பதுலயே போறேன். கையாட்டறதாவது நாலு பேர் கண்ணுல படும்."

வடிவாம்பாள் தொண்டையைக் கனைத்தாள். "மகாராஜா, கல்லுல வெட்டினது ஒண்ணு இருக்குதுங்களே..."

மகாராஜாவின் கை தானாக மீசைக்குப் போனது. சட்டென்று முகம் மலர்ந்தது.

"நான் பின் சீட்டு!"

எல்லோரும் முன் சீட்டைப் பார்த்தார்கள்.

நாவிதர் வந்தார். சேனாதிபதியின் வலப்பக்கம் வழவழவென்று ஆயிற்று. மகாராஜா காரின் மேல் சாய்ந்து, இருமல் வருகிற வரைக்கும் சிரித்தார். ஏட்டம்மாவுக்குச் சம்பள உயர்வு என்றார். "உனக்கு என்னய்யா வேணும், தொப்பளான்?"

"அந்தப் பெட்டி போதுங்க."

கழற்றிக் கொடுத்தார்கள். தொப்பளான் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய் சேனாதிபதியிடம் நீட்டினான்.

"தசராவுக்கு நீங்க இதை மூஞ்சிக்கு முன்னால பிடிச்சுக்கிட்டு வாங்க, சேனாதிபதி. எதையும் மறைக்கும்னு நீங்கதானே சொன்னீங்க!"