வெளுத்த நகம்

புலி உறுமும் முன்னே ஆடு நடுங்குமாம். பள்ளி ஆய்வாளர் நல்லபெருமாள் ஜீப்பிலிருந்து இறங்கியதுமே ஒன்பதாம் வகுப்பு கையிலிருந்த செல்போன்களை மேசைக்கடியில் ஒளிக்கப் பார்த்தது. மனுஷன் கையோடு ஒரு காலிச் சாக்கும் கொண்டுவந்திருந்தார்.

"உயிரியல் பாடத்துல போனா? என்னம்மா கூத்து இது?" என்றார், வகுப்புக்குள் நுழைந்தபடியே.

பாடம் நடத்திக்கொண்டிருந்த எஸ்தர் டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்தார். கடைசி பெஞ்சிலிருந்து சுடர்க்கொடி எழுந்தாள். தன் போனை அவரிடம் நீட்டினாள்.

"நாடித்துடிப்பை எண்ண நாங்களே புரோகிராம் எழுதியிருக்கோம் சார். கேமரா மேல விரலை வச்சா, ரத்தம் வந்து போறதைப் பார்த்து எண்ணிடும்."

"என் துடிப்பைத் தப்பாச் சொன்னா எல்லாப் போனும் சாக்குக்குள்ள. உங்க டீச்சர் வேலையும் போயிரும்."

சொல்லிவிட்டு, மூட்டைப்பூச்சியை நசுக்குவதுபோல் விரலைக் கேமரா மேல் அழுத்தினார். திரையில் பூஜ்யம்.

"பாத்தியா? நான் செத்துப்போயிட்டேனாம்." மறுகையால் சாக்கை விரித்தார். டீச்சர் முகத்தில் ஈயாடவில்லை.

சுடர்க்கொடி அவர் விரலுக்கு மேலே குனிந்தாள். "விரலை எடுக்காதீங்க சார், அப்படியே இருக்கட்டும். எல்லாரும் சார் நகத்தைப் பாருங்க. என்ன நிறம்?"

"வெள்ளை," என்றது வகுப்பு, மெல்ல.

"நீங்க அழுத்தின அழுத்துல விரலுக்கு ரத்தமே வரலை சார். வராத ரத்தத்தைப் போன் எப்படி எண்ணும்? சரியாத்தானே சொல்லுது? லேசா வச்சுப் பாருங்க."

வைத்தார். எண்பத்தெட்டு. டீச்சர் அவர் மணிக்கட்டைப் பிடித்து எண்ணினார், அதே எண்பத்தெட்டு. நகத்துக்குத் திரும்பிய சிவப்பு அவர் முகத்துக்கும் ஏறியது. சாக்கு காலியாகவே ஜீப் ஏறியது.

ஜீப் சத்தம் ஓய்ந்த பிறகுதான் சுடர்க்கொடி தன் விரலை வைத்துப் பார்த்தாள். நூற்று நாற்பது.

"போன் கெட்டுப்போச்சா டீச்சர்?"

"இல்லம்மா," என்ற டீச்சர், தன் விரலையும் வைத்துப் பார்த்தார். "எனக்கு நூத்தி அம்பது."