இரண்டு பருந்துகளுக்கு நடுவில் இருந்த கறை

"மூணு தடவ திருத்திட்டேன். மூணு தடவயும் பாத்துட்டு ‘எங்க?’ன்னு ஒத்த வார்த்த கேக்கீங்க. என்ன எங்க?"

கோமதிநாயகம் லேப்டாப்பை ஜெபராணி வீட்டுத் தரையில் வைத்த வேகத்தில் சின்ன வெங்காயம் இரண்டு உருண்டு ஓடின.

ஜெபராணி அவற்றை எட்டிப் பிடித்து முறத்தில் போட்டாள்.

அவருக்கு ஐம்பத்தெட்டு. உரக்கடையை மருமகனிடம் விட்டுவிட்டு கேமரா வாங்கியவர். அவளுக்கு முப்பத்து மூன்று. பறவைகளைப் படம் எடுக்கச் சொல்லித் தருகிறவள். எவ்வளவு கோபம் வந்தாலும் அவர் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

இன்று நிறையவே கோபம் வந்திருந்தது.

"நாலு மணிக்குக் கண்காட்சி திறப்பு. ஹால்ல என் படம் சுவர்ல ஏறியாச்சு. கீழ ஒட்டுத சீட்டுல டீச்சர் கையெழுத்து இல்லாம மாணவர் படத்த வைக்க மாட்டாங்களாம். இந்தாங்க பேனா."

"என்ன படம் அண்ணாச்சி அது?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க."

"சொல்லுங்க."

"சண்ட! ரெண்டு கருந்தோள் பருந்து. நடு வானத்துல நகமும் நகமும் மோதுத சண்ட. பேரு ‘போர்’."

அவள் திரையைப் பார்த்தாள். கருமேகத்தின் முன்னால் இரண்டு வெள்ளைப் பறவைகள். ஒன்று மேலே. ஒன்று கீழே, மல்லாந்து.

"காலைல எட்டு மணிக்கு எடுத்தது. இடி மேகம் எங்கருந்து வந்துச்சு?"

"நான்தான் வச்சேன். சண்டைக்குப் பொருத்தமா இருக்கட்டும்னு."

"கண்ணு?"

"செவப்பக் கொஞ்சம் ஏத்துனேன். கோவம் தெரியணும்லா?"

"பெரிசாயிட்டா அதுக்குக் கண்ணே செவப்புதான். அது கோவம் இல்ல அண்ணாச்சி, வயசு. உங்க நரை மாதிரி."

"கிண்டலா? பதினோரு நாள் வேலிக்காத்தான் முள்ளுக்குள்ள கெடந்திருக்கேன் டீச்சர்! முதுகப் பாருங்க!"

"சட்டையக் கழட்டாதீங்க."

"பெறகு என்னதான் எங்க?"

வெங்காயம் நறுக்கும் கத்தியின் நுனியால் அவள் மேலே இருந்த பருந்தின் காலைக் காட்டினாள்.

"இவன் கால் எதையோ புடிச்ச மாதிரி மூடியிருக்கு. கீழ உள்ளவ எதையோ வாங்குத மாதிரி கால விரிச்சிருக்கா. நடுவுல ஒண்ணும் இல்ல. எங்க?"

"ஓ, அதுவா." அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "அது ஒரு கறை. கருப்பா, வால் மாதிரி ஒண்ணு தொங்கிக்கிட்டு. படத்தையே கெடுத்துச்சு. அழிச்சிட்டேன்."

கத்தி நின்றது.

ஜெபராணி கையை முந்தானையில் துடைத்தாள். லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தாள். அவர் அந்தக் கறையை எதை வைத்து அழித்தாரோ, அதையே எடுத்தாள்.

கீழே இருந்த பருந்தின் வால் காணாமல் போனது.

"என்ன செய்யுதீங்க?"

ஒரு இறக்கை போனது.

"டீச்சர்!"

"கறைய அழிச்சாச்சு. இனி இவளுக்கு இங்க என்ன வேல?"

தலையும் போனது. மல்லாந்து கிடந்த உடம்பும் போனது. மேகத்துக்கு முன்னால் ஒற்றைப் பருந்து, மூடிய காலோடு தனியாக நின்றது.

"இப்பச் சொல்லுங்க. இவன் யார் கூடச் சண்ட போடுதான்?"

கோமதிநாயகம் லேப்டாப்பை வெடுக்கென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"பதினோரு நாள் ஒழைப்பு! என் மக வயசுல உள்ள புள்ளைகிட்டப் பாடம் படிக்க வந்தேன் பாருங்க, என்னச் சொல்லணும்!"

"பட்டன ஒரு அமுக்கு அமுக்குனதுல எத்தன படம் விழுந்துச்சு?"

"பதினாலு! இது ஒண்ணுதான் உருப்படி. மத்ததத் தூக்கிக் குப்பையில போட்டுட்டேன்."

"எடுங்க."

"எதுக்கு?"

"எடுங்கன்னா எடுங்க!"

அவள் சத்தம் போட்டு அவர் கேட்டதில்லை. எடுத்தார்.

முதல் படத்தில் ஒரு பருந்து வயல் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. காலில் எலி.

மூன்றாவதில் இன்னொன்று வாயைத் திறந்துகொண்டு கீழேயிருந்து ஏறி வந்தது.

ஆறாவதில் அது வானத்திலேயே புரண்டு மல்லாந்தது.

ஏழாவது, திருத்தாத ‘போர்’. மேகம் இல்லை. காலைநேர வெளிர் நீலம். இரண்டு கால்களுக்கு நடுவில் எலி, வால் தொங்க.

ஒன்பதாவதில் எலி கீழே உள்ளவளின் காலில் இருந்தது.

பதினாலாவதில் அவள் எலியோடு படத்தின் ஓரத்துக்குப் போய்விட்டிருந்தாள். அவன் வெறுங்காலோடு மறுபடி வயல் பக்கம் திரும்பியிருந்தான்.

கோமதிநாயகம் முதலிலிருந்து ஒரு தடவை பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார்.

"பொண்டாட்டிக்குக் கொண்டாந்து குடுக்கான்."

"ஆமா."

"கை மாத்தித்தான் விடுதான்."

"ஆமா."

மறுபடியும் அவருக்குக் கோபம் ஏறியது. "இத மொதல் தடவயே சொல்லியிருக்கலாம்லா? என்ன இப்படி அலைய விட்டு வேடிக்கை பாக்கணுமா?"

"நான் அங்க இல்ல அண்ணாச்சி. நீங்கதான் இருந்தீங்க."

அவர் பதினாலாவது படத்தை மறுபடி திறந்தார்.

"வாங்கிட்டு எந்தப் பக்கம் போனா? அந்தப் பக்கம்தான் கூடு இருக்கும். குஞ்சுகூட பொரிச்சிருக்கும்."

சட்டென்று பதில் சொல்ல வாயைத் திறந்தார். கிழக்கா, மேற்கா என்று கை தானாக எழுந்தது. எந்தப் பக்கமும் நீட்ட முடியாமல் அப்படியே நின்றது.

"தெரியல."

"எதிர்லதான இருந்தீங்க?"

"நான் குனிஞ்சு கேமராவப் பாத்துக்கிட்டு இருந்தேன். சண்ட நல்லா விழுந்திருக்கான்னு."

ஜெபராணி ஒரு வெங்காயத்தை எடுத்துத் தோலை உரித்தாள்.

போன் அடித்தது. ஹாலில் படம் மாட்டுகிறவர்.

"அண்ணாச்சி, கையெழுத்து வாங்கியாச்சா? ஆள் வர ஆரம்பிச்சாச்சு."

"படத்த இறக்கிருங்க."

"என்னது? போட மாட்டேங்காங்களா? போன அவங்ககிட்ட குடுங்க, நான் பேசுதேன்."

"அவங்கள விடுங்க. இறக்குங்கன்னா இறக்குங்கவே!"

"நல்லா இருக்கே! பதினோரு நாள் முள்ளுக்குள்ள கெடந்து எடுத்த படம்னு ஊரெல்லாம் சொன்னது நீங்கதான?"

"எடுத்தேன்," என்றார் கோமதிநாயகம். "இன்னும் பாக்கல."