தலைவர் கையில் இளநீர்க் கூடு

எங்க ஊர் நகராட்சித் தலைவர் பரமானந்தம் குப்பைக் கிடங்கில் எடைமேடை கட்டினார். "யார் குப்பையோ அவங்கதான் கொண்டாந்து, கிலோவுக்கு ரெண்டு ரூபா கட்டணும். தெருவுல போட்டா அபராதம்" என்று மைக்கில் முழங்கினார்.

இளநீர் விற்கிற மரியபுஷ்பத்துக்கு வயிறு எரிந்தது. குடித்துப் போட்ட ஈரக் கூடு கல்லாய்க் கனக்கும். கிடைக்கிற லாபமெல்லாம் கிடங்குக்கே போய்விடும். தலைவரிடம் போய்க் கெஞ்சிப் பார்த்தாள். "சட்டம்னா சட்டம்தான்" என்றார்.

திறப்பு விழா அன்று தலைவரும் கூட வந்த கும்பலும் இவளிடம்தான் இளநீர் வாங்கினார்கள். உறிஞ்சி முடித்துக் கூட்டை நீட்டினார்கள். எப்போதும் கடைக்காரர்தான் அதை வாங்கிப் போடுவார். இவள் கையைக் கட்டிக்கொண்டாள்.

"பிடிம்மா!" என்றார் தலைவர்.

"நான் வித்தாச்சு அண்ணாச்சி. காசு குடுத்து வாங்கினது நீங்க. இப்ப அது உங்க குப்பை. எடைமேடை அந்தா இருக்கு, வரிசையில நில்லுங்க."

கூட்டிலிருந்து வெள்ளைச் சட்டையில் சொட்டியது. கீழே போட்டால் அபராதம். போட்டோக்காரன் வேறு தயாராக நின்றான். ஊரே சிரித்தது.

"யோவ், இளநீர்க் கூட்டுக்குக் கட்டணம் கிடையாதுன்னு மைக்ல சொல்லுய்யா!" என்று பக்கத்தில் நின்ற நகராட்சி அதிகாரியிடம் தலைவர் கத்தினார்.

அதிகாரி சொல்லி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு மரியபுஷ்பம் அரிவாளை எடுத்தாள்.

"இப்ப குடுங்க அண்ணாச்சி, வழுக்கை எடுத்துத் தாரேன்."