வேலிக்குள் ஒரு முள்ளங்கி விருந்து

பச்சைமலை அடிவாரத்தில் வடமலைச் சாமி என்று ஒருவர் இருந்தார். சாமிக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவருக்கு வாய்த்த ஒரே சீடர் தனக்கோடிக்கோ அறுபது தாண்டிவிட்டது. அதனால் சீடர் குருவைச் "சாமி" என்பார். குரு சீடரைப் "பெரியவரே" என்பார்.

தனக்கோடி வேலை பார்த்தது மின்சார ஆபீஸில். ஆயுசு முழுக்க ஊருக்கெல்லாம் கரண்டு கொடுத்த மனிதர், ஓய்வு பெற்ற கையோடு மலையடிவாரத்தில் கொஞ்சம் நிலம் வாங்கினார். கரண்டு வேண்டாம், கடைச்சாமான் வேண்டாம், என் கையால் விளைந்ததை மட்டும்தான் தின்பேன் என்று உட்கார்ந்துவிட்டார். சுற்றிலும் கிளுவை வேலி, வாசலுக்கு முள்படல். காசு கொடுத்து வாங்கிய சாமான் எதுவும் படலைத் தாண்டி உள்ளே வரக் கூடாது. இது சாமி சொன்ன விரதமில்லை, அவரே தன் தலையில் போட்டுக்கொண்டது. மகன் ஆசையாக வாங்கி அனுப்பிய சோலார் தகட்டை வேலிக்கு வெளியே கிடத்தி, அதன் மேல் முள்ளங்கி வற்றல் காயவைத்தார்.

முள்ளங்கி ஏன் என்றால், வேறு எதுவும் மிஞ்சவில்லை. வரகைப் பன்றி தின்றது. நிலக்கடலையை மயில் கிளறியது. தக்காளியைக் குரங்குகள் கவனித்துக்கொண்டன. முள்ளங்கியை மட்டும் ஒரு ஜீவனும் சீந்தவில்லை. மூன்று வேளையும் அதையே தின்று மனிதர் விட்ட ஏப்பம் இருக்கிறதே, அதைப் பற்றி நான் சொல்லப் போவதில்லை. அவர் பாடம் கேட்க வந்தால், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் சாமி உட்காருவார்.

தீப்பெட்டியும் கடைச்சாமான்தானே. அதனால் காலையில் சாமியின் அடுப்பிலிருந்து ஒரு ஓட்டில் நெருப்பு வாங்கிப் போவார்.

"பெரியவரே, நெருப்பு மட்டும் வெளியிலிருந்து வரலாமா?"

"கொடுத்தாலும் உங்களுக்குக் குறையறதில்லையே சாமி. அது கணக்குல வராது."

"அதுவும் சரிதான்" என்றார் சாமி.

ஒருநாள் பஸ் நிறுத்தத்து டீக்கடையில் சாமி டீ குடித்துக்கொண்டிருந்ததைத் தனக்கோடி பார்த்துவிட்டார். அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"சாமி! டீத்தூள் உங்க தோட்டத்துல விளையுதா?"

"இல்லையே. அதனாலதான் இங்க வந்து குடிக்கிறேன்."

தனக்கோடி டீக்கடைப் பக்கம் திரும்பாமல் விறுவிறுவென்று நடந்தார்.

இத்தனை வைராக்கியத்துக்கும் நடுவில் அவருக்கு ஒரு குறை இருந்தது. மனைவி அபரஞ்சி கூட இல்லை. அவள் துறையூரில் மகன் வீட்டிலேயே இருந்துவிட்டாள். அவளில்லாமல் மனிதருக்குக் கை ஒடிந்த மாதிரி இருந்தது. முள்ளங்கிப் பாத்தியோடு பேச ஆரம்பித்திருந்தார். வா வா என்று ஆள்மேல் ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார். கடைசியில் அபரஞ்சி பதில் சொல்லி அனுப்பினாள்.

"வந்து ஒரு வேளை சாப்பிட்டுப் பார்க்கிறேன். தொண்டையில இறங்கினா நானும் அங்கேயே இருந்துடுறேன். இறங்கலைன்னா அன்னிக்கே திரும்புற பஸ்ல நீங்க என்கூட வந்துடணும்."

தனக்கோடி சம்மதித்தார். சம்மதித்தபிறகுதான் பாத்தியில் வேறு ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்று தேடினார்.

வெள்ளிக்கிழமை மதியம் அபரஞ்சி பஸ்ஸைவிட்டு இறங்கி வந்தாள். ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில் தூக்குச்சட்டி. தனக்கோடி படலுக்குப் பின்னால் நின்றார். அவளைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. ஆனால் வாய் சும்மா இருக்குமா?

"சட்டியில என்ன?"

"புளியோதரை. உங்களுக்குப் பிடிக்குமேன்னு காலையிலேயே எழுந்து கிளறினேன்."

"உள்ள வரக் கூடாது."

"நானா?"

"புளியோதரை."

அபரஞ்சி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சட்டியை வெளியே புங்கமரத்தடியில் வைத்தாள்.

"பெட்டியில?"

"துணிமணி. எல்லாம் கடையில வாங்கினதுதான்."

"அப்ப அதுவும் அங்கேயே இருக்கட்டும்."

"கட்டியிருக்கிற சேலையும் கடையில வாங்கினதுதான். அதை என்ன பண்ணட்டும்?"

தனக்கோடி அவசரமாகப் படலைத் திறந்தார்.

உள்ளே விருந்து தயாராக இருந்தது. வெந்த முள்ளங்கி, அவித்த முள்ளங்கிக் கீரை, முள்ளங்கி வற்றல், குடிக்க முள்ளங்கிச் சாறு. அபரஞ்சி ஒரு வாய் எடுத்து வைத்தாள்.

"உப்பு?"

"கடல் வேலிக்கு வெளிய இருக்கே, விசனப்படாதே, பழகிடும்."

பாவம், அவளும் எவ்வளவோ முயன்று பார்த்தாள். கண்ணை மூடினாள், கழுத்தை நீட்டினாள், தண்ணீர் குடித்தாள். அந்த ஒரு வாய் கன்னத்தில் குடித்தனம் பண்ண ஆரம்பித்துவிட்டது. தனக்கோடிக்குப் பயம் வந்துவிட்டது. பிடித்தார் ஓட்டம் சாமியிடம்.

"சாமி! இறங்கமாட்டேங்குது!"

"என்ன?"

"முள்ளங்கி! அபரஞ்சி தொண்டையில! இறங்கலைன்னா அவ போயிடுவா, என்னையும் கூட்டிட்டுப் போயிடுவா. அங்க போனா எனக்கு இந்த மண்ணு இல்லை. இங்க இருந்தா அவ இல்லை. நான் எங்க போவேன்? ஏதாவது வழி சொல்லுங்க!"

சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கூட நடந்தார்.

அவர்கள் வந்து சேர்ந்தபோது இலைக்கு முன்னால் ஆளில்லை. அபரஞ்சி வெளியே புங்கமரத்தடியில் பெட்டிமேல் உட்கார்ந்து பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாமி நேராக அவளிடம் போய்ச் சப்பணம் போட்டு உட்கார்ந்தார்.

"அம்மா, பசிக்குது. சட்டியில என்ன?"

"புளியோதரை சாமி."

"போடுங்க."

தனக்கோடி படலுக்கு உள்ளே நின்று பதறினார். "சாமி! அது வெளிச்சோறு!"

"நான் வெளியிலதானே உட்கார்ந்திருக்கேன்."

சாமி ஒரு கவளம் தின்றார். தலையை ஆட்டினார். இரண்டாவது கவளத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"பெரியவரே, தொட்டுக்க ஒண்ணும் இல்லை. அந்த முள்ளங்கியைக் கொஞ்சம் கொண்டாங்க."

தனக்கோடி முள்ளங்கிச் சட்டியோடு ஓடி வந்தார். படலுக்கு முன் கால் நின்றுவிட்டது. புளியோதரை மணம் மூக்கில் ஏறியது. நாக்கில் எச்சில் ஊறியது.

"சாமி, நான் அங்க வந்து உட்கார்ந்தா, விரதம்?"

"அது உள்ளேயே இருக்கட்டும். ஓடியா போயிடும்? நீங்க வாங்க."

வந்தார். மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். அபரஞ்சி ஒரு வாய் புளியோதரையை வைத்து, ஒரு துண்டு முள்ளங்கியைக் கடித்தாள். இன்னொரு துண்டை எடுத்தாள்.

"அட, இதுக்கு அது நல்லாத்தான் சேருது" என்றாள்.

தனக்கோடி தட்டாமல் தடுக்காமல் நான்கு கவளம் உள்ளே தள்ளினார். அதற்குள் பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. அபரஞ்சி எச்சில் கையை ஆட்டி, "நீ போப்பா" என்றாள். பஸ் போயிற்று.

"என்ன பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க? பெட்டியை உள்ள கொண்டு போய் வைங்க" என்றாள் புருஷனிடம்.

தனக்கோடிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்தார். படல்வரை போனவர் அப்படியே நின்றார். திரும்பி வந்தார்.

"சாமி, ஒரே ஒரு சந்தேகம். இவளுக்குத் தொண்டையில இறங்கினது என் முள்ளங்கியாலயா, இவ புளியோதரையாலயா? அது தெரியாம பெட்டியை எப்படி உள்ள கொண்டு போறது?"

சாமி விரலை வழித்து நக்கினார்.

"தெரிஞ்சுக்கணும்னா ஒரே வழிதான் பெரியவரே. அம்மா வயித்துக்குள்ளயும் ஒரு வேலி போடணும். முள்ளு வெட்டிட்டு வரட்டுமா?"